வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு

2014-இல் வாஷிங்டனில் ஒரு முதியவரின் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. லாட்டரியில் அவருக்குப் பெருந்தொகை விழுந்திருப்பதாகவும், கூடவே ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் காரும் கிடைக்கப்போவதாகவும் மறுமுனையில் ஒருவர் பேசினார். வரிக்கும் கட்டணத்துக்குமாக 50,000 டாலரை முன்னதாக அனுப்பிவிட்டால் போதுமாம், பரிசு கைக்கு வந்துவிடுமாம். போனை எடுத்தவர் வில்லியம் வெப்ஸ்டர். அப்போது அவருக்கு வயது 90. அமெரிக்காவின் புலனாய்வு, உளவு அமைப்புகளான எஃப்.பி.ஐ., சி.ஐ.ஏ. இரண்டுக்கும் தலைவராக இருந்த ஒரே மனிதர் அவர்தான்.

ஜமைக்காவிலிருந்து பேசியவருக்கு இது எதுவும் தெரியாது. முதியவர்களின் பெயரும் எண்ணும் அடங்கிய பட்டியல்கள் அங்கே மோசடிக் கும்பல்களுக்குள் விலை பேசிக் கைமாறின. வெப்ஸ்டரின் எண்ணும் அப்படிச் சிக்கிய ஒன்று. அவர் பணம் அனுப்பவில்லை. மாறாக, அந்த அழைப்புகளைப் பதிவு செய்ய எஃப்.பி.ஐ.க்கு உதவினார். பணம் வராது என்று தெரிந்ததும் மறுமுனையின் குரல் மாறியது. வீட்டைக் கொளுத்துவதாகவும் சுட்டுக் கொல்வதாகவும் மிரட்டல் தொடங்கியது. 2017 இறுதியில், அழைத்துப் பேசிய அந்த இளைஞர் நியூயார்க்கில் விமானத்திலிருந்து இறங்கியபோது கைதானார். 2019-இல் அவருக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அதற்குள் முப்பது பேராவது அவரிடம் ஏமாந்து 3 லட்சம் டாலருக்கு மேல் இழந்திருந்தார்கள். இத்தகைய கும்பல்களை ஒடுக்குவதற்காகவே ஜமைக்கா 2013-இல் தனிச் சட்டம் இயற்றியிருந்தது.

லாட்டரி மோசடியில் ஒருவர் சிக்கிவிட்டால், ‘பேராசைப்பட்டார், பட்டார்’ என்று பேச்சை முடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். அது நியாயமில்லை. மோசடிக்காரர் ஆளைப் பார்த்து அழைப்பதில்லை. கையில் சிக்கிய எண்களை வரிசையாக அழுத்திக்கொண்டே போகிறார். எடுப்பவர்களில் அன்றைக்கு ஆஸ்பத்திரி பில் கட்ட வழியில்லாமல் தவிப்பவர் ஒருவர், மகள் கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட்டுக் கடனுக்கு அலைபவர் ஒருவர், பிள்ளைகள் வெளியூரில் இருக்கப் பேச்சுத்துணைக்கு ஏங்குபவர் ஒருவர் இருந்தால் அவருக்குப் போதும். ஏமாறுவது பெரும்பாலும் அறிவைப் பொறுத்ததல்ல, அன்றைய நெருக்கடியைப் பொறுத்தது. குரல் இனிக்கும்போது விலகியவருக்கும் அடுத்து மிரட்டல் வரலாம் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

உண்மையான பரிசு எப்படி வரும்?

போலியை அடையாளம் காண, அசல் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்று பலருக்கும் அது தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. 1968-இல் அண்ணா ஆட்சியில் அரசுப் பரிசுச்சீட்டு தொடங்கியபோது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் ஊரெங்கும் பரவியது. பிறகு பல மாநிலச் சீட்டுகளும் வந்து குவிந்தன. கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போனவர்களின் வீடுகளில் அடுப்பெரியாத நிலை வந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு மாநிலத்தில் லாட்டரி விற்பனையைத் தடை செய்தது. நல்ல முடிவு. ஆனால் அதற்குப் பிறகு வளர்ந்த தலைமுறை அசல் சீட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை. பரிசு விழுந்தால் யாரிடம் போவது, எதைக் காட்டுவது, என்ன பிடித்துக்கொள்வார்கள் என்ற அறிவும் சீட்டோடு சேர்ந்து மறைந்துவிட்டது. போனில் வரும் புதுப்புதுக் கதைகளுக்கு இந்த அறியாமை வசதியாகிவிட்டது.

இந்தியாவில் லாட்டரியை ஒழுங்குபடுத்துவது 1998-ஆம் ஆண்டின் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். அதன்படி லாட்டரி நடத்தும் உரிமை மாநில அரசுகளுக்கே உண்டு. சீட்டை அரசே அச்சிட வேண்டும், குலுக்கலை அரசே நடத்த வேண்டும், குலுக்கல் அந்த மாநிலத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். பிற மாநிலச் சீட்டுகளைத் தன் எல்லைக்குள் விற்கக் கூடாது என்று ஒரு மாநிலம் தடுக்கவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. ஆகவே ஒரு செல்போன் நிறுவனமோ, தொலைக்காட்சி நிகழ்ச்சியோ, வாட்ஸ்அப்போ ‘லாட்டரி’ நடத்தியதாகச் சொன்னால், கதை முதல் வரியிலேயே சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

தமிழர்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் அசல் லாட்டரி கேரள அரசுடையது. அதற்கென்று 1967-இல் தனித் துறையையே உண்டாக்கியது அந்த மாநிலம். திருவனந்தபுரத்தில் குலுக்கல் வெளிப்படையாக நடக்கிறது. முடிவு அரசிதழில் வெளியாகிறது. காகிதச் சீட்டு மட்டுமே உண்டு, ஆன்லைன் விற்பனை கிடையாது. கேரளத்துக்கு வெளியே விற்பதற்கும் அனுமதி இல்லை. வாங்கியவர் சீட்டின் பின்புறம் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட்டு, குலுக்கல் நடந்த 30 நாளுக்குள் அசல் சீட்டை ஒப்படைத்தால்தான் பரிசு. 5,000 ரூபாய் வரை சீட்டுக் கடையிலேயே கொடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் என்றால் லாட்டரி அலுவலகம் அல்லது வங்கி வழியாகப் போக வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்கலாம். யாருக்குப் பரிசு விழுந்தது என்று குலுக்கல் நடக்கும்போது கேரள லாட்டரித் துறைக்கே தெரியாது. சீட்டில் வாங்கியவரின் போன் எண் இல்லை. 2023 ஓணம் பம்பர் குலுக்கலில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வருக்கு விழுந்தது. சீட்டு கேரள எல்லைக்குள் இருக்கும் வாளையாறில் வாங்கியது. அவர்கள்தான் சீட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அலுவலகம் அவர்களைத் தேடி வரவில்லை. அரசு லாட்டரியின் பெயரைச் சொல்லி உங்களைத் தேடி ஓர் அழைப்பு வந்தால், சீட்டே வாங்காத நிலையிலும் வந்தால், மேற்கொண்டு யோசிப்பதற்கு எதுவும் இல்லை.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

மோசடியின் வேடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்து வைத்திருக்க யாராலும் முடியாது. ஆனால் எல்லா வேடத்துக்குள்ளும் ஒரே எலும்புக்கூடுதான் இருக்கிறது: பரிசு வருவதற்கு முன் பரிசு பெறுபவர் பணம் கட்ட வேண்டும். அசல் நடைமுறையில் பணம் வெட்டப்பட்டு வருகிறது. போலியில் பணம் கேட்கப்படுகிறது.

கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். 2022 ஓணம் பம்பரில் திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு 25 கோடி விழுந்தது. முகவர் கமிஷன் 10 சதவீதம் கழிந்தால் 22.5 கோடி. அதில் 30 சதவீதம் வருமான வரி பிடித்தம் போனால் 15.75 கோடி. பரிசாக அவருக்குச் சேர வேண்டியது அந்தத் தொகை. தன் கையிலிருந்து ஒரு பைசாவைக்கூட யாருக்கும் அவர் முன்கூட்டி அனுப்பத் தேவையில்லை. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட லாட்டரிப் பரிசுக்குக் கொடுப்பவரே 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டத்தின் விதி. சர்சார்ஜ், செஸ் பாக்கி இருந்தால் அது பிறகு வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது பார்த்துக்கொள்ள வேண்டியது.

‘ஜி.எஸ்.டி. கட்டுங்கள்’ என்பது இப்போது அதிகம் கேட்கும் வசனம். ஜி.எஸ்.டி. லாட்டரிச் சீட்டின் விற்பனை மீது விதிக்கப்படுவது. பரிசுத் தொகை மீது அது கிடையாது. ‘ஸ்டாம்ப் டியூட்டி’ என்பார்கள். அது பத்திரப் பதிவு போன்ற காரியங்களுக்கானது. கேரள லாட்டரியில் பரிசு பெறுபவர் தரும் ரசீதில் ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ‘ரிசர்வ் வங்கியில் உங்கள் பணம் நிற்கிறது, விடுவிக்கக் கட்டணம்’ என்பார்கள். ரிசர்வ் வங்கி பொதுமக்கள் பெயரில் சேமிப்புக் கணக்கோ நடப்புக் கணக்கோ வைத்திருப்பதில்லை, பரிசுப் பணம் பட்டுவாடா செய்வதுமில்லை. தன் பெயரிலும் ஆளுநர் கையெழுத்திலும் வரும் போலிக் கடிதங்களைப் பற்றி அந்த வங்கி பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறது.

பரிசு பெறுபவர் முன்கூட்டிப் பணம் கட்டத் தேவையில்லை என்ற இந்த விதிக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிறு விளக்கம் தேவை. ஜவுளிக்கடை, நகைக்கடைக் குலுக்கல்களில் காரோ பைக்கோ பரிசாக விழுந்தால் அதிலிருந்து பணத்தை வெட்டி எடுக்க முடியாது. ஆகவே வண்டியைக் கையில் கொடுப்பதற்கு முன் அதற்குரிய வரி கட்டப்பட்டிருப்பதைக் கொடுப்பவர் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். சில கடைகள் தாங்களே அந்த வரியைக் கட்டும், சில கடைகள் வெற்றி பெற்றவரைக் கட்டச் சொல்லும். மோசடிக்காரர்கள் இந்த உண்மையைத்தான் கடன் வாங்கிக்கொள்கிறார்கள். வேறுபாடு இதுதான்: அசல் வரி பான் எண்ணோடு அரசுக் கணக்குக்குப் போகும், அதற்குச் செலான் உண்டு, வருமான வரித் துறையின் வலைத்தளத்தில் உங்கள் பெயரில் பதிவாகும். ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்புங்கள் என்றால் அது வரியே அல்ல. கடைக் குலுக்கல் என்றால் நேரில் போய், நீங்கள் பொருள் வாங்கிய அதே கடையின் மேலாளரைப் பார்த்துக் கேட்டுவிடலாம்.

நாற்பது ரூபாயில் தொடங்குவது

கேரள லாட்டரியின் பெயரில் நடக்கும் ஆன்லைன் மோசடியைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. அங்குள்ள காவல்துறை இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. போலிச் செயலிகளை நீக்கச் சொல்லி கூகுளுக்கு நோட்டீசும் அனுப்பியது.

முதலில் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு செய்தி வரும்: 40 ரூபாய்க்குச் சீட்டு, கோடிக்கணக்கில் பரிசு. நாற்பது ரூபாய்தானே என்று அனுப்பினால், அசலைப் போலவே அச்சடித்த ஒரு சீட்டின் படம் போனுக்கு வரும். அதில் வாங்கியவரின் பெயரும் எண்ணும் இருக்கும். அன்று மாலை குலுக்கல் முடிவு என்று ஒரு பட்டியல் வரும். அசல் முடிவுப் பட்டியலையே எடுத்து, அதில் இவர் சீட்டின் எண்ணைச் செருகியிருப்பார்கள். இவரே தன் கையால் தேடித் தன் எண்ணைக் கண்டுபிடிக்கிறார். வேறொருவர் சொல்லிக் கேட்பதைவிடத் தானே கண்டுபிடித்ததை மனம் நம்பிவிடுகிறது. இந்த மோசடியின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிறகு அழைப்பு வரும். ஐந்து லட்சம் விழுந்திருக்கிறது, வங்கி விவரம் கொடுங்கள். கொடுத்ததும் ஜி.எஸ்.டி.க்கு ஒரு தொகை. அதைக் கட்டினால் ஸ்டாம்ப் டியூட்டிக்கு இன்னொன்று. அடுத்து, பணத்தை ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லிக் கூடுதல் கட்டணம். சந்தேகம் வராதிருக்க, கட்டுக்கட்டாக நோட்டை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் வீடியோ, அதிகாரியைப் போல் உடுத்தியவர் பேசும் வீடியோ, முத்திரை குத்திய கடிதம் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கும் தொகை, முன்னே கட்டியதைவிடக் கொஞ்சம் பெரியது, வரப்போவதைவிட மிகச் சிறியது. இதுவரை கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்திலேயே மனிதர் அடுத்ததையும் கட்டுகிறார். அந்த நிலையில் ஆசை பின்னுக்குப் போய்விடுகிறது. போட்டதையாவது எடுத்துவிட வேண்டும் என்ற தவிப்புதான் மிஞ்சுகிறது. நகை அடகுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

நடுவில் இன்னொரு வலையும் உண்டு. பணத்தை உங்கள் கணக்கில் போட இந்தக் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்பார்கள். யு.பி.ஐ. பின் எண் பணம் அனுப்புவதற்குத் தேவைப்படுவது. பணம் பெறுவதற்கு எந்தப் பின்னும் தேவையில்லை, எந்த ஸ்கேனும் தேவையில்லை. காய்கறிக் கடையில் தினமும் ஜிபே செய்பவர்கள்கூடப் பரபரப்பில் இதை மறந்துவிடுகிறார்கள். ‘உதவி செய்கிறோம்’ என்று சொல்லிப் போனின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலியை ஏற்றச் சொன்னால், அந்த நொடியிலேயே போனை வைத்துவிட வேண்டும். அதன்பின் ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சிம் கார்டுக்குக் குலுக்கலா?

‘கௌன் பனேகா குரோர்பதி’ என்ற இந்தித் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரில் வரும் செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அமிதாப் பச்சனின் படம், பெரிய தொழிலதிபரின் படம், சில நேரம் பிரதமரின் படம், நடுவில் 25 லட்சம் என்ற எழுத்து. உங்கள் சிம் கார்டு எண்ணுக்குக் குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது, வாட்ஸ்அப்பில் மட்டும் இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று ஒரு குரல் பதிவு. டெல்லி காவல்துறையின் சைபர் பிரிவு இதைப் பற்றி எச்சரித்தபோது, இத்தகைய அழைப்புகள் பல பாகிஸ்தானின் குறியீடான 92-இல் தொடங்கும் எண்களிலிருந்து வருவதைச் சுட்டிக்காட்டியது. இந்திய எண் 91-இல் தொடங்கும். 92 பார்வைக்கு அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. அதற்காக 91 என்றால் நம்பிவிடலாம் என்று பொருளல்ல. பிறர் பெயரில் வாங்கிய இந்திய சிம்களும் இதே வேலைக்குப் பயன்படுகின்றன.

வாட்ஸ்அப்பில் மட்டும் பேசச் சொல்வது, யாரிடமும் சொல்லாதே என்பது, இன்றைக்குள் முடிக்காவிட்டால் பரிசு வேறொருவருக்குப் போய்விடும் என்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகப்படலாம். மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மின்னஞ்சலில் வரும் வெளிநாட்டு லாட்டரிக் கதைகள் பழையவை. ஸ்பெயின் லாட்டரி, பிரிட்டன் லாட்டரி, ஏதோவொரு பெரிய கணினி நிறுவனத்தின் பெயரில் லாட்டரி. இவற்றை ஒதுக்க ஒரு சட்டக் காரணமே போதும். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இந்தியாவிலிருந்து வெளிநாட்டு லாட்டரிச் சீட்டு வாங்கப் பணம் அனுப்புவதே கூடாது. லாட்டரித் திட்டங்களில் பங்கேற்க எந்த வடிவில் பணம் அனுப்புவதும் தடை செய்யப்பட்டது என்று ரிசர்வ் வங்கி 2010-இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கையே அனுப்பியது. ‘கட்டணம்’ வசூலிக்க உள்ளூர்த் தனிநபர்களின் பெயரில் கணக்குகள் திறக்கப்படுவதையும் அதில் எச்சரித்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் அங்குள்ள சட்டப்படியான குலுக்கல்களில் சீட்டு எடுப்பது வேறு விஷயம். அவர்களுக்கும் விதி ஒன்றுதான். முடிவை அந்தக் குலுக்கலின் சொந்த வலைத்தளத்தில் தானே போய்ப் பார்க்க வேண்டும், வந்த செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடக் கூடாது.

தபாலில் வரும் ஸ்கிராட்ச் கார்டு கிராமங்களில் அதிகம் வேலை செய்கிறது. எப்போதோ ஆன்லைனில் ஒரு புடவையோ மிக்ஸியோ வாங்கியிருப்பார்கள். அந்த முகவரி எங்கோ கைமாறி, பிரபல விற்பனை நிறுவனத்தின் சின்னம் போட்ட தபால் வரும். சுரண்டினால் கார். வந்த எல்லாக் கார்டிலும் கார்தான் இருக்கும்.

மூணு நம்பர்

பரிசு விழுந்ததாகப் பொய் சொல்வது ஒரு வகை. பரிசே தர வேண்டிய கட்டாயம் இல்லாத சீட்டை விற்பது இன்னொரு வகை. தமிழ்நாட்டில் தடைக்குப் பின் வேர்விட்டது இந்த இரண்டாவது. பேச்சுவழக்கில் மூணு நம்பர் லாட்டரி. டீக்கடை ஓரத்திலோ வாட்ஸ்அப்பிலோ மூன்று இலக்கம் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். கேரளம் போன்ற வேறொரு மாநிலத்தின் குலுக்கல் முடிவில் கடைசி மூன்று இலக்கம் பொருந்தினால் பரிசு. கைக்கு வருவது ஒரு துண்டுச் சீட்டு, பல நேரம் அதுவும் இல்லை.

அரசு அச்சிடாத சீட்டு, அரசு நடத்தாத குலுக்கல். 1998 சட்டத்தின் எந்தப் பிரிவும் இதை அனுமதிக்கவில்லை. மூன்று இலக்கத்தில் ஆயிரம் சேர்க்கைகள் உண்டு. ஒன்று பொருந்த, 999 தவறும். பொருந்திய நாளில் விற்றவர் காணாமல் போனாலும், சீட்டு வாங்கியவர் காவல் நிலையத்துக்குப் போக முடியாது. அவர் வைத்திருப்பது சட்டவிரோதமான சூதாட்டத்தின் ரசீது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், மூன்று பெண் குழந்தைகள் உட்பட, இந்தச் சீட்டு ஏற்படுத்திய கடனுக்கு இரையானது. அதற்குப் பிறகுதான் ஒழிந்ததாக எல்லோரும் நினைத்திருந்த ஒன்று எவ்வளவு ஆழமாகத் தெருவில் ஓடுகிறது என்று மாநிலம் பேசத் தொடங்கியது. கைதுகள் நடந்தன, இன்றும் நடக்கின்றன. கைதாகிறவர்களில் பலர் துண்டுச் சீட்டு எழுதும் கடைசிக் கண்ணிகள். மேலே இருப்பவர்களை எட்டுவதற்குத் தகவல் தேவை, அதை அந்தந்தத் தெருக்காரர்கள்தான் தர முடியும். வீட்டில் ஒருவர் இந்தக் கடனில் மூழ்கி மனமுடைந்து இருப்பதாகத் தெரிந்தால், கணக்கு கேட்பதைத் தள்ளிவைத்துவிட்டு 104 அல்லது 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனைக்கு அழைப்பது முதல் காரியம். அவரைத் தனியாக விடக் கூடாது.

அசல் லாட்டரி விற்பவர்களும் ஏமாற்றப்படுகிறார்கள் என்பது வெளியே அதிகம் தெரியாது. கேரளத்தில் தெருவில் சீட்டு விற்போரில் வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் நிறையப் பேர். பரிசு விழுந்த சீட்டின் கலர் நகலையோ, எண்ணைத் திருத்திய சீட்டையோ கொடுத்து அவர்களிடம் ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கிப் போய்விடுகிறார்கள். அன்றைய முழு வருமானமும் அதில் போய்விடும். எல்லையோர ஊர்களில் சீட்டு வாங்கும் தமிழர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அறிமுகமில்லாத ஒருவர் பரிசுச் சீட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று அவர்களிடமும் வரக்கூடும்.

வீட்டில் கவனிக்க

மோசடி நடந்துகொண்டிருக்கும்போது பெரும்பாலும் வீட்டில் தடயம் தெரியும். அப்பா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். அம்மாவிடம் “யாரும்மா போன்ல?” என்று கேட்டால் “ஒண்ணுமில்லப்பா, பேங்க்ல இருந்து” என்பார். தங்கச்செயின் ஒன்று காணாமல் போயிருக்கும். சிறு சிறு தொகைகளாக, பெயர் தெரியாத ஆட்களுக்குப் பணம் போயிருக்கும்.

அந்த நேரத்தில் “இதைக்கூடவா நம்புவீங்க?” என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். மோசடிக்காரர் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார், பிள்ளைகளிடம் சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்று. “அம்மா, அந்த நம்பரை எனக்கும் கொடுங்க, அடுத்த தடவை நானும் கூட இருந்து பேசுறேன்” என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாவது ஆள் நுழைந்ததும் பெரும்பாலான கும்பல்கள் அழைப்பைத் துண்டித்துவிடும். நூறு அறிவுரை சொல்லியும் மாறாத அம்மாவின் மனத்தை அந்தத் துண்டிப்பு மாற்றிவிடும்.

பணம் போய்விட்டால்

இங்கே நேரம்தான் எல்லாம். அனுப்பிய பணம் முதலில், பிறர் பெயரில் வாடகைக்கு எடுத்த ஒரு கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, கடைசியில் ஏ.டி.எம்.மில் நோட்டாகவோ வேறு வடிவிலோ மறைகிறது. அந்த ஓட்டத்தின் நடுவில் வங்கிகள் பணத்தை நிறுத்தி வைப்பதற்காகவே 2021-இல் மத்திய அரசு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதன் எண் 1930. அந்த எண்ணுக்கு அழைத்து, எந்த வங்கியிலிருந்து, எவ்வளவு, எந்த நேரத்தில், பரிவர்த்தனை எண் என்ன என்று சொல்ல வேண்டும். யு.பி.ஐ. என்றால் 12 இலக்க எண் செயலியின் வரலாற்றுப் பகுதியிலேயே இருக்கும். அழுதுகொண்டே எல்லாக் கதையையும் சொல்லத் தேவையில்லை, முதலில் இந்த நான்கு விவரமும் போதும். தேசிய சைபர் கிரைம் வலைத்தளத்திலும் புகாரைப் பதிவு செய்து, கிடைக்கும் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும்.

அதே மூச்சில் தன் வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரே கடவு எண்ணைப் பகிர்ந்ததால் ஏற்படும் இழப்பு, வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை அவரையே சேரும். சொன்ன பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. ஆகவே ‘நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற ஓர் இரவு பெரிய விலை கேட்கலாம்.

பிறகு எழுத்துப் புகார். மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பார்க்காமல் புகாரைப் பதிவு செய்ய முடியும். ஏமாற்றுதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 318-ஆவது பிரிவின் கீழ் வரும். கணினி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. ஸ்கிரீன்ஷாட், குரல் பதிவு, போலிச் சீட்டு எதையும் வெட்கப்பட்டு அழித்துவிடக் கூடாது. அவைதான் சாட்சி. நிறுத்தி வைக்கப்பட்ட பணம், பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவின் பேரில், திரும்பக் கிடைக்கும். அதற்கு மாதங்கள் ஆகலாம், விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் இரண்டு அழைப்புகள் வர வாய்ப்புண்டு. ஒன்று, மற்றவர்களுக்கு விழுந்த பரிசுப் பணம் உங்கள் கணக்கில் வந்து போகட்டும், கமிஷன் தருகிறோம் என்பது. சம்மதித்தால் இழந்தவர் குற்றவாளியின் கூட்டாளியாகிவிடுவார், அடுத்த வழக்கில் முடக்கப்படுவது அவர் கணக்காக இருக்கும். மற்றது, சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் மீட்கப்பட்டுவிட்டது, விடுவிக்க ஒரு சிறு கட்டணம் என்பது. ஏமாந்தவர்களின் பட்டியலும் கும்பல்களுக்குள் கைமாறுகிறது, முதல் கும்பலே வேறு குரலில் வருவதும் உண்டு. பணத்தை மீட்டுத்தரக் காவல்துறை கட்டணம் வாங்குவதில்லை. அப்படி வரும் அழைப்பின் எண்ணையும் நேரத்தையும் குறித்து, ஏற்கெனவே கொடுத்த புகார் எண்ணைச் சொல்லி அதோடு சேர்க்கச் சொல்லலாம்.